வெள்ளைக் கொக்கு போன பிறகு

சென்ற கோடையில் ஓரிரவு, ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அழைத்துச் சென்றவர் ஸ்ரீரங்கத்தில் வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், முப்பதாண்டுக்கால நண்பர். திருச்சியில் அரபு கற்பித்து வரும் நாமும், திவ்வியப் பிரபந்தத்தில் தோய்ந்த அவரும் சந்திக்கும்போதெல்லாம் இலக்கியமே பேச்சாகும். இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு புறப்பட்ட நாம், திரும்பும்போது ஃபஜ்ருக்கு நேரம் நெருங்கிவிட்டது. அவ்விரவு கண்டதும், கண்டதைத் தொடர்ந்து எண்ணியதுமே இக்கட்டுரை.

ஆலிம் ஒருவருக்கு நாடகப் பந்தலில் என்ன வேலை என்று வாசகர்களில் சிலர் வினவக்கூடும். இசை கேட்பது பற்றி நம் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு என்பதை யாவரும் அறிவர். ஆயினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் ‘ஸமாஃ’ பற்றித் தனிப்பகுதியே எழுதி, பாட்டு உள்ளத்தில் எதைக் கிளறுகிறது என்பதைக் கொண்டும் அதை எடை போட்டுக் காட்டியுள்ளார்கள். அந்தத் தராசையே நாமும் கையில் எடுத்துக்கொண்டோம். கொடுங்கோன்மையின்கீழ் வாழும் மக்களைப் பற்றிப் பாடும் பாட்டு, கேட்போர் உள்ளத்தில் எதைக் கிளற வேண்டும்? இன்று எதைக் கிளறுகிறது?

தினைப்புனத்துப் பாட்டு

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்த ‘வள்ளி திருமணம்’ நூறாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடிக்கப்பெற்று வருவது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி ஒரே மேடையில் கூடி நடிக்கும் ‘ஸ்பெஷல் நாடக’ முறையில், பாட்டுக்கும் தர்க்கத்துக்கும் நடுவே நடிகர் தம் சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொள்ள இடமுண்டு. அந்த இடைவெளி வழியாகத்தான் ஒரு காலத்தில் நாட்டு விடுதலை மேடைக்குள் நுழைந்தது.

அந்தக் காலத்தை நினைவூட்டிக்கொள்வது நலம். கல்கத்தா மேடைகளில் தன்னைப் பழித்த நாடகங்களைக் கண்டு வெகுண்ட ஆங்கில அரசு, 1876 இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தை இயற்றியது. அரசின்பால் வெறுப்பை மூட்டும் நாடகத்தைத் தடுக்கவும், தடையை மீறி நடித்தவரையும் இடம் கொடுத்தவரையும் தண்டிக்கவும் அச்சட்டம் வழி செய்தது. அதன் நிழலில்தான் எஸ். எஸ். விசுவநாததாஸ் பாடினார். 1886 இல் சிவகாசியில் பிறந்த அவர் முருகனாக வேடமிடுவதில் பெயர் பெற்றவர். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய பாடல்களை மேடைதோறும் பாடினார். 1919 ஏப்ரல் 13 ஆம் நாள் ஜாலியன்வாலா பாகில் நடந்த படுகொலை அவருடைய பாட்டுப் பொருளாயிற்று. தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கு ஒன்றைப் பற்றி அவர் பாடினால், கொட்டகையில் இருந்தோர் அனைவரும் அந்தக் கொக்கு எந்தக் கொக்கு என்று அறிந்துகொண்டனர். போலீசாரும் அறிந்துகொண்டனர். பன்முறை கைதாகிச் சிறை சென்ற அவர், 1940 டிசம்பர் 31 ஆம் நாள் இரவு சென்னையில் முருகன் வேடத்தில் மேடையில் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் நீத்தார்.

நம் திருச்சிக்கும் இக்கதையில் பங்குண்டு. ஜாலியன்வாலா பாகின் பதினோராம் ஆண்டு நினைவு நாளாகிய 1930 ஏப்ரல் 13 இல், ஸ்ரீரங்கத்துக்காரராகிய டாக்டர் டி. எஸ். எஸ். ராஜனின் திருச்சி கண்டோன்மெண்ட் இல்லத்திலிருந்து ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களுடன் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். சுமார் 150 மைல் நடை. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். அவர்கள் கையிலிருந்த படைக்கலம் நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை இயற்றித் தந்த வழிநடைப் பாட்டு ஒன்றே. கதவைத் திறப்பதே குற்றமென்று அறிவிக்கப்பட்ட ஊர்களில், அப்பாட்டைக் கேட்டும் மக்கள் கதவைத் திறந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால் பாட்டின் ஆற்றல் விளங்கும்.

அன்று மறைத்தார், இன்று விளக்கினார்

கொள்ளிடக் கரை நாடகத்துக்கு வருவோம். ஆர்மோனியமும் மிருதங்கமும் முழங்க, பபூனின் வேடிக்கைப் பேச்சு முடிந்து, நள்ளிரவுக்குப் பின் ராஜபார்ட் நடிகர் மேடையேறினார். முப்பது வயதுக்கு மேற்படாத இளைஞர். குரல் மேல்தாயியில் தடையின்றி நின்றது. சொல் தெளிவு இருந்தது. ஸ்திரீபார்ட் அம்மையாருடன் நிகழ்த்திய தர்க்கத்தில் இலக்கணமும் நகைச்சுவையும் கைகோத்தன. இத்தனை தேர்ச்சி உடையவர் விசுவநாததாஸின் கொக்குப் பாட்டை எடுத்தபோது நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அவர் அதைப் பாடுமுன் நிறுத்தி, கொக்கு என்றால் வெள்ளைக்காரன் என்று சபைக்கு விளக்கினார். பாடும்போது வானத்தை நோக்கி விரல் நீட்டினார். ஒலிபெருக்கி அதிர்ந்தது. மக்கள் கைதட்டினர். முன்வரிசையில் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பிரமுகர்கள் எல்லோரையும் விட உரக்கத் தட்டினர். மேடையேறி அன்பளிப்பும் வழங்கினர்.

நண்பர் நம் காதருகே குனிந்து, “கொக்கு எப்போதோ கப்பலேறிவிட்டது, மௌலவி. இன்னும் எதற்குக் கவண் சுற்றுகிறார்?” என்றார்.

அச்சொல் நம்மை உறங்கவிடவில்லை. பாட்டும் பழையதே, ராகமும் பழையதே; குரலிலும் குறையில்லை. எனினும் எதுவோ இல்லை. எண்ணிப் பார்த்தபோது விடை கிட்டியது. விசுவநாததாஸ் கொக்கை மறைத்துப் பாடினார். மறைவை விலக்கும் வேலை கேட்டவனுடையதாயிற்று. பொருள் தெரிந்து சிரித்தவனும் குற்றத்தில் பங்காளி ஆனான். பாடியவரும் கேட்டவரும் ஒரே ஆபத்தில் நின்றனர். கொள்ளிடக் கரையிலோ ஆபத்து யாருக்கும் இல்லை. விளக்கம் கூறிய அக்கணமே பாட்டு மாலையிட்ட படமாகிவிட்டது. பிரமுகர் ஒருவர் மனம் நோகாமல் கைதட்டக்கூடிய பாட்டு, கொடுமையைப் பற்றிய பாட்டாக இருக்கலாம். கொடுமையை நோக்கிய பாட்டு ஆகாது.

மேனாட்டில் ஆபெரா எனப்படும் இசை நாடகத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். ஜெர்மானிய இசை மேதை பீத்தோவன் இயற்றிய ஒரே ஆபெரா ‘ஃபிடேலியோ’. அரசியல் பகையால் பாதாளச் சிறையில் அடைக்கப்பட்ட கணவனை, ஆண் வேடத்தில் சிறைக் காவலனிடம் வேலைக்கு அமர்ந்து மனைவி மீட்கும் கதை. அதில் கைதிகள் சிறிது நேரம் வெளிச்சத்துக்கு விடப்படும் கட்டம் ஒன்றுண்டு. அவர்கள் முழங்குவதில்லை, காவலர் செவி தம்மேல் இருப்பதை உணர்ந்து தாழ்ந்த குரலில் பாடுகின்றனர். அந்தத் தாழ்ந்த குரலே சிறை எத்தகையது என்பதை நமக்குச் சொல்லிவிடுகிறது. 1805 நவம்பரில் வியன்னா நகரில் அது அரங்கேறியபோது, நெப்போலியனின் படை அந்நகரைப் பிடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. பார்வையாளரில் பலர் பிரெஞ்சு இராணுவ அதிகாரிகள். சிறைக் கதையைச் சிறைப்பிடித்தவரே அமர்ந்து கேட்டனர்.

ஆட்சி மாறிய பின்

நண்பரின் வினாவுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. வெள்ளைக் கொக்கு பறந்த பின் தினைப்புனம் பாதுகாப்பாயிற்றா?

1876 ஆம் ஆண்டுச் சட்டம் வெள்ளையரோடு கப்பலேறவில்லை. விடுதலைப் பாட்டின் தோளேறி ஆட்சிக்கு வந்தவர்களே, எம். ஆர். ராதாவின் நாடகங்களைப் பொறாமல், 1954 இல் சென்னை மாகாணத்துக்கெனப் புதியதொரு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டு வந்தனர். ராதாவின் ‘இராமாயணம்’ நாடகம் கோடிக்கணக்கானோர் போற்றும் ஒன்றை ஏளனம் செய்தது என்பதில் ஐயமில்லை. பிறர் வணங்குபவற்றை ஏசலாகாது எனும் கட்டளையுடைய நமக்கு அதில் உடன்பாடும் இல்லை. ஆயினும் நாடகத்துக்கு விடை மறுநாடகமேயன்றிப் போலீஸ் தடியன்று. 1979 செப்டம்பர் 17 இல் இதே திருச்சியில் ராதா மறைந்தார்; சட்டம் மறையவில்லை. 2013 இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியலமைப்புக்கு மாறானவை என்று தள்ளியது. 1876 ஆம் ஆண்டின் மூலச் சட்டமோ, நாடு விடுதலை பெற்று எழுபதாண்டு கடந்து, 2018 தொடக்கத்தில்தான் நீக்கப்பெற்றது. விசுவநாததாஸுக்குச் சிலை வைக்கலாம், அவர் பாட்டின்மேல் நிழலிட்ட சட்டத்தையும் வைத்துக்கொள்ளலாம் என்று ஆண்டவர் எல்லோருமே எண்ணினர் போலும்!

இன்னொன்றும் கூற வேண்டும். விசுவநாததாஸ் முடி திருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர். நாட்டு விடுதலை பாடிய அந்த மேடையிலேயே, குலத்தைக் காட்டி அவருடன் சேர்ந்து நடிக்க மறுத்தோரும் இருந்தனர். வெளியிலிருந்து வந்த கொக்கை எல்லோரும் கண்டனர். வீட்டுக்குள் கூடு கட்டியிருந்ததைக் கண்டவர் சிலரே.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய குறையன்று. புரட்சியால் பிறந்த சோவியத் நாட்டில் ஷொஸ்தகோவிச் என்ற இசையறிஞரின் ‘லேடி மக்பெத்’ ஆபெரா 1934 முதல் ஈராண்டுகள் பெருவரவேற்புடன் நடைபெற்றது. 1936 ஜனவரியில் ஸ்டாலின் வந்து பார்த்தார். சில நாட்களில் ‘பிராவ்தா’ நாளேடு அதைக் கடுமையாகத் தாக்கியது; ஆபெரா மேடையிலிருந்து மறைந்தது. திருத்திய வடிவில் அது மீண்டும் மேடையேற 1963 ஆக வேண்டியிருந்தது.

அரபு நாட்டுக்குச் சென்றால், திருக்குர்ஆனை மனனம் செய்து வளர்ந்த ஸெய்யித் தர்வீஷ் (1892–1923) எகிப்தின் 1919 ஆம் ஆண்டு எழுச்சிக்குப் பாட்டளித்தவர். அவரே 1920 இல் ‘அல்அஷரா அத்தய்யிபா’ என்ற இசை நாடகத்தில் பழைய துருக்கிய, மம்லூக் பிரபுக்களை நையாண்டி செய்தார். ஆங்கிலேயரோடு போராடும் வேளையில் நம்மவரைப் பழிப்பதா என்ற கண்டனம் எழுந்தது. பிற்காலத்தில், கண்பார்வையற்ற ஷைகு இமாம், கவிஞர் அஹ்மத் ஃபுஆத் நஜ்முடன் சேர்ந்து 1967 ஆம் ஆண்டுத் தோல்விக்குப் பின் பாடிய பாட்டுகளுக்காக நாஸிர், ஸாதாத் இருவர் ஆட்சியிலும் சிறை கண்டார். அந்நியனைப் பாடியவருக்கு ஊர் மாலை சூட்டும். நம்மவனைப் பாடியவருக்கோ அதே ஊர் முகம் சுளிக்கும். முன்னதற்கு வீரம் வேண்டும். பின்னதற்கு வீரத்துடன் தனிமையைத் தாங்கும் வலிமையும் வேண்டும்.

நம் வீட்டுச் சான்று

இவ்வுண்மையை உலகினர் எவரைக் காட்டிலும் முன்னதாகக் கற்றிருக்க வேண்டியவர்கள் நாம். ஹிஜ்ரி 61 இல் கர்பலாக் களத்தில் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்களைக் கொன்ற படை வேற்று மார்க்கத்தாரின் படையன்று. தொழுகை நடத்திய படை அது. அதை ஏவிய ஆட்சி கிலாபத் என்ற பெயரைச் சூடியிருந்தது. அக்களத்தில் எஞ்சிய இமாம் ஸைனுல் ஆபிதீன் (ரலி) அவர்களுக்குக் கஃபாவில் மக்கள் தாமே வழிவிட்டு ஒதுங்கியதையும், உமையா இளவரசர் ஹிஷாம் அவர்களை அறியாதவர்போல் நடித்ததையும், அருகிருந்த கவிஞர் ஃபரஸ்தக் அங்கேயே ஒரு கஸீதாவை முழங்கியதையும் நம் மதரஸாக்களில் சுவையோடு கற்பிக்கிறோம். ஃபரஸ்தக் உமையாக்களின் பரிசில் பெற்றவர் என்பதையும், அக்கவிதைக்காகச் சிறையிடப்பட்டார் என்பதையும் சேர்த்துக் கற்பித்தால்தான் கஸீதாவின் எடை தெரியும். அவர் சுட்டிய கொக்கு தம் சொந்த வயலிலேயே நின்றது.

அதிகாலையில் திரும்பும்போது ஸ்ரீரங்கத்து இராஜகோபுரம் இருளிலிருந்து மெல்லப் புலப்பட்டது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அக்கோயிலில் நிகழும் அரையர் சேவையைப் பற்றி நண்பர் பலமுறை நமக்குக் கூறியிருக்கிறார். அரையர்கள் தாளம் ஏந்திப் பாசுரம் பாடி அபிநயிக்கும் பழைய கலை அது. 1323 இல் டெல்லிப் படை அவ்வூரைச் சூறையாடியதும், அடியார்கள் உற்சவ மூர்த்தியை மறைத்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததும், 1371 இல்தான் அது திரும்பியதும் அவர்களுடைய கோயிலொழுகு நூலில் உள்ளன. நண்பர் நட்பின் பொருட்டு அப்பேச்சை எம்மிடம் எடுப்பதில்லை. அன்று நாமே எடுத்தோம்.

அப்படையினர் நம் பெயர்களைத் தாங்கியவர்கள். அதற்காக இன்று திருச்சியில் வாழும் முஸ்லிம் எவரும் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. வாளோடு வந்த படை வேறு, நத்ஹர் வலி (ரஹ்) போன்ற நாதாக்கள் வழி இம்மண்ணில் வேரூன்றிய நம் வாழ்வு வேறு. ஆனால் அச்செயலை மூடி மறைக்கவும் நமக்கு உரிமையில்லை. நம் முன்னோர் மறைக்கவில்லை. மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானி பிற சமயத்து ஆண்களையும் பெண்களையும் பிள்ளைகளையும் வதைத்துக் கொன்றதை நேரில் கண்ட இப்னு பதூதா, தம் பயண நூலில் அதை அருவருப்போடு பதிந்து வைத்தார். எந்த அரசனிடமும் காணாத இழிசெயல் என்றும், இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தியது அதனாலேயே என்றும் எழுதினார். அந்தச் சுல்தான் அவருக்கு மணவழி உறவினர்! நமக்கும் நம் பெற்றோர்க்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி கூற வேண்டுமென அந்நிஸா அத்தியாயம் பணித்ததை, அந்தக் காழி அன்று நிறைவேற்றினார்.

நாம் சொல்லி முடித்ததும் நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “எங்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டியவை உண்டு. திருப்பாணாழ்வார் காவிரியின் அக்கரையிலேயே ஏன் நிற்க வேண்டியிருந்தது?” என்றார். அப்போது பாலத்தின் நடுவில் இருந்தோம்.

நம் பேனா

கட்டுரை இத்துடன் முடியுமானால், நாமும் அந்த ராஜபார்ட் இளைஞரைப் போல ஆபத்தில்லாத கொக்கை நோக்கியே விரல் நீட்டியவராவோம். தாமகானி இறந்து ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் ஆயின. அவனைப் பழிப்பதற்கு வீரம் தேவையில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மஹல்லா ஒன்றின் மீலாது விழாவுக்கு மாணவர் பாட்டுகளைத் திருத்தித் தரும் பொறுப்பு நம்மிடம் இருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் கைக்கூலியைப் பற்றி ஒரு பாட்டு எழுதி வந்தான். மூத்த சகோதரியின் நிக்காஹ் மூன்று முறை பேசி முறிந்த வீடு அது. பாட்டில் யார் பெயரும் இல்லை. ஆனால் மேடையின் முன்வரிசையில் அமரவிருந்தோர் சிலர் தம்மை அதில் காண்பார்கள் என்பது தெளிவு. ‘விழா நாளில் எதற்கு மனத்தாங்கல்? ஹழ்ரத் பார்த்துச் செய்யுங்கள்’ என்றனர் நிர்வாகிகள். கட்டளையிடவில்லை, வேண்டிக்கொண்டனர். நாம் சிவப்பு மை கொண்டு நான்கு கண்ணிகளை அடித்தோம். யாப்புக் குறை என்று அவனிடம் கூறினோம். யாப்பில் குறையேதும் இருக்கவில்லை. அதை அவனும் அறிவான். எஞ்சியதை அவன் பாடினான். முன்வரிசை கைதட்டியது. அதன்பின் அவன் நம்மிடம் பாட்டு எதையும் கொண்டு வரவில்லை.

1876 ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவரும், 1954 இல் எழுதியவரும் நம்மைப் போன்றே ஊர் அமைதியைத்தான் காரணமாகக் கூறியிருப்பர். கொடுங்கோல் மன்னன் முன் உண்மை உரைப்பதே மேலான ஜிஹாத் என்ற நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கும் நாம், மன்னனே இல்லாத இடத்தில் மன்னனின் வேலையைச் செய்துவிட்டோம்.

கொடுமையைப் பற்றிய நாடகமோ பாட்டோ நம்முன் வரும்போது, குரலையும் தாளத்தையும் ஆராய்ந்த பிறகு ஒன்றைக் கேட்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. முன்வரிசையில் இருப்பவர் யார்? அவர் கைதட்டுகிறாரா, கையைப் பிசைகிறாரா? கொள்ளிடக் கரை இளைஞருக்கு நல்ல குரலை இறைவன் தந்திருக்கிறான். பழைய கொக்குப் பாட்டை அவர் விட்டுவிட வேண்டியதில்லை. விளக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, தாழ்ந்த குரலில் ஒருமுறை பாடிப் பார்க்கட்டும். எந்தக் கொக்கு என்று கேட்பவர்கள் தாமே தேடிக்கொள்வர்.

அம்மாணவன் இப்போது வளைகுடாவில் பணிபுரிகிறான். நான்கு கண்ணிகளையும் கேட்டு அவனுக்குக் கடிதம் எழுதியுள்ளோம். விடை இன்னும் வரவில்லை. வரும் மீலாது விழாவில் அப்பாட்டு முழுமையாகப் பாடப்பெற வேண்டுமென்று நிர்வாகிகளிடமும் கேட்டுள்ளோம். யோசித்துச் சொல்வதாகக் கூறியுள்ளனர். அந்தத் தாள் மீண்டும் நம் கைக்கு வருமானால், இம்முறை அதன்மேல் கோடு விழாது, இன்ஷா அல்லாஹ்.